முன்வரிசை அக்கா

பெயரைப் போட்டு எழுதினால் வீட்டுக்கு வந்து கதைப்பேன் என்று அக்கா என்னை எச்சரித்திருக்கிறார். கதைப்பேன் என்று அவர் சொன்னால் அது அடிப்பேன் என்பதை விட மோசம். அதனால் பெயர் இல்லை, ஊர் இல்லை. அடையாளம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்த மண்டபத்துக்குள் போனாலும் முதல் வரிசையில் நடுக் கதிரையில் இருப்பார். கோயிலில் பிரசங்கம் என்றாலும் அப்படித்தான், பிள்ளைகளின் பரதநாட்டியம் என்றாலும் அப்படித்தான். பல் வைத்தியரிடம் வரிசை கிடையாது. அங்கே வைத்தியரின் கதவுக்கு நேரே இருப்பார்.

நான் வேறு ரகம். எனக்கு வெளிவாசலுக்குப் பக்கத்துக் கதிரை வேண்டும். ஓட வழியில்லாத இடத்தில் எனக்கு மூச்சு ஒழுங்காக வராது. சுவிஸுக்கு வந்த நாளிலிருந்து நான் சீவித்தது ஒரே ஒரு கலையால். அது தலையாட்டுதல். முதலாளி ஏதாவது சொல்வார். "யா யா, க்ளார்" என்பேன். க்ளார் என்றால் தெளிவு. தெளிவில்லை என்பது நான் வேலையைச் செய்து முடித்த பிறகுதான் எல்லாருக்கும் தெரியவரும். ஒருமுறை நான் சமைத்த உணவகத்தில் குளிர் அறையை மூடிவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் நிறுத்திவிட்டுப் போனேன். மறுநாள் அந்தத் தெரு முழுக்க இறால் மணந்தது. இப்போது லொசான் பக்கத்தில் ரெனானுக்குக் குடிவந்துவிட்டேன். இங்கே அதே கலையைப் பிரெஞ்சில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் இரண்டு பேரையும் தலை நரைத்த வயதில் ஒரே வகுப்பில் கொண்டுபோய் இருத்தியது ஓர் ஆயத்த ஆண்டு. சூழலியலும் இயற்கைப் பாதுகாப்பும் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும், ஆனால் கையில் அதற்கான உயர்தரச் சான்றிதழ் இல்லை என்றால், முதலில் ஒரு வருடம் இதைப் படிக்க வேண்டும். உயிரியல், வேதியியல், கணிதம், களப்படிப்பு. கடைசியில் சோதனை. அதில் தேறினால் பல்கலைக்கழகக் கதவு திறக்கும். தேறாவிட்டால் கதவுக்கு வெளியில் நின்று பூவைப் பார்க்கலாம்.

நான் ஏன் போனேன் என்பது ஒரு குருவிக் கதை. சூரிச் பக்கம் ஊஸ்டரில் நான் சமைத்த அலுவலக உணவகத்தின் கூரையைத் திருத்தச் சாரம் கட்டினார்கள். ஒவ்வொரு கோடையும் அந்தக் கூரை இடுக்கில் உழவாரன் குருவிகள் கூடு வைக்கும். அவை சாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. நான் பகிடியாக யாரிடமோ சொல்ல, அவர் உண்மையாகவே யாருக்கோ அறிவிக்க, கழுத்தில் தொலைநோக்கி தொங்க ஓர் இளம் பெண் வந்தாள். கூரையைப் பார்த்தாள். குஞ்சுகள் பறக்கும்வரை வேலை நிற்கட்டும் என்றாள். நின்றது! பாரந்தூக்கியும் நின்றது, பத்துப் பதினைந்து ஆண்களும் நின்றார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு விசர், முழுப் பைத்தியம்" என்றாள். அவள் சொன்னது எனக்கு உடனே விளங்கியது.

முதல் நாள் ஒவ்வொருவரும் ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும். வகுப்பில் பெரும்பாலும் இளம் சுவிஸ்காரர்கள். ஒருவன் தச்சுத்தொழில் பழகியவன், ஒருத்தி பூக்கடையில் இருந்தவள். காலநிலை, எதிர்காலம், பூமி என்று அழகாகப் பேசினார்கள். அக்காவின் முறை வந்தது. எழுந்து நின்றார். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் அரைநேரப் பராமரிப்பு வேலை செய்கிறவர். அங்கே அரைவாசிப் பேருக்குக் காது கேளாது. அந்தக் குரலையே வகுப்புக்கும் கொண்டு வந்திருந்தார். அவர் ஜெர்மன்தான் கதைத்தார். எனக்கு அது எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கும் என்பதால் அப்படியே தருகிறேன்.

"எங்கட வீட்டுக்குப் பின்னால ஒரு ஓடை ஓடுதாம். நான் இத்தனை வருசமா அதுக்கு மேலதான் நடந்து போறன், எனக்குத் தெரியாது. குழாய்க்குள்ள விட்டு, மண்ணைப் போட்டு, புல்லை விதைச்சு மூடியிருக்கினம். ஏன் எண்டு நகரசபையில கேட்டன். ஏதோ சொல்லிச்சினம். விளங்கேல்லை எண்டன். திரும்பச் சொல்லிச்சினம். விளங்கேல்லை எண்டன். உதெல்லாம் படிச்ச ஆக்களுக்குத்தான் விளங்கும் எண்ட மாதிரி ஒரு சிரிப்புச் சிரிச்சினம். சரி, அப்ப படிப்பம் எண்டு வந்தன்."

இருந்துவிட்டார். அதற்குப் பிறகு எழுந்த பிள்ளைகள் பூமியை விட்டுவிட்டுத் தங்கள் பெயரை மட்டும் சொன்னார்கள். இந்த மனுசி தமிழ் என்பது முகத்தில் எழுதியிருக்கிறது, நானும் தமிழ் என்பது என் முகத்தில் எழுதியிருக்கிறது, இனி ஒரு வருடம் இவர் எது சொன்னாலும் வகுப்பு என்னைத் திரும்பிப் பார்க்குமே என்று நினைத்தேன். நினைத்தது அப்படியே நடந்தது.

அக்காவின் ஆயுதம் அந்த ஒற்றைச் சொல்தான். விளங்கேல்லை. வேறு யாரும் அதைச் சொன்னால் குரல் தாழும், தோள் குறுகும், பின்னால் ஒரு மன்னிப்பு வரும். அக்கா அதைப் பேருந்தை நிறுத்தக் கை காட்டுகிற மாதிரிச் சொல்வார்.

நைட்ரஜன் சுழற்சி நடந்த நாள் நினைவிருக்கிறது. குடுமி கட்டிய இளம் ஆசிரியர் பலகையில் அம்புக்குறிகளாகப் போட்டுவிட்டுத் திரும்பி, "எல்லாம் தெளிவுதானே?" என்றார். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. எல்லாருக்கும் முதல் ஆட்டியது நான்.

"இல்லை" என்றார் அக்கா.

ஆசிரியர் திரும்பச் சொன்னார்.

"இல்லை."

ஆசிரியர் அம்புக்குறிகளை அழித்தார். ஒரு மாட்டுக்கொட்டில், ஒரு சாணிக்குவியல், ஒரு மழை, ஒரு புல்வெளி என்று கீறி, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொன்னார். அக்கா, "ஓ! அப்பிடிச் சொல்லுங்கோவன்" என்றார். எனக்கும் விளங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை விளங்கியதாகத் தலையாட்டியிருந்த படியால் சந்தோசத்தை வெளியே காட்ட முடியாமல் போயிற்று.

இடைவேளையில் அவரைப் பிடித்தேன்.

"அக்கா, உதைக் கொஞ்சம் மெதுவாக் கேக்கக் கூடாதோ? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"எங்களை எண்டா ஆரை?"

"தமிழரை."

"ஏன், தமிழர் எல்லாரும் சேர்ந்தே நைட்ரஜன் சோதினை எழுதப் போயினம்? நீரும் நானும்தானே."

"வகுப்பே எங்களைப் பாக்குது அக்கா."

"பாக்கட்டும். நல்ல சட்டைதானே போட்டிருக்கிறன்."

மாரி தொடங்குவதற்குள் வகுப்பு அவரைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. அக்கா கையை உயர்த்தட்டும் என்று காத்திருப்பார்கள். சுருட்டைத் தலைத் தச்சன் ஒருநாள் முன்னால் குனிந்து அவருடைய காதுக்குள், "அந்தக் கடைசிச் சமன்பாட்டைக் கேளுங்களேன்" என்று ரகசியமாகச் சொன்னான். அக்கா எழுந்தார். அவனைப் பார்த்தபடி, "ஏன் தம்பி, உம்மட வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ?" என்றார். பிறகு ஆசிரியரிடம் திரும்பி, "இவருக்கு விளங்கேல்லையாம்" என்று விரலால் காட்டினார். அவன் காது நுனிவரை சிவந்துபோனான். இரண்டு வாரம் அக்காவோடு கதைக்கவில்லை. மூன்றாம் வாரம் தானாகவே கை உயர்த்தினான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டில், சாப்பாட்டுத் தட்டோடு நின்ற ஒரு பெரிய மனிதர் எல்லாருக்கும் கேட்க, "என்ன தங்கச்சி, பேரப்பிள்ளை பாக்கிற வயசில புல்லுப் படிக்கிறியளாம்? ஊரில மாடுகள் படிக்காமலே தின்னுதுகள்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நாசூக்காக ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். நானும் அதே புல்லைத்தான் படிக்கிறேன் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அக்கா நிதானமாகத் தண்ணீர் குடித்து முடித்தார்.

"ஓம் அண்ணை. அதுதான் அதுகள் தின்னுறதோடயே நிண்டுட்டுதுகள். நீங்கள் இன்னும் கொஞ்சம் போடுங்கோ, சோறு கிடக்கு." பிறகு தூண் பக்கம் பார்த்து, "தம்பி, நீரும் வாரும். அண்ணைக்கு நீர் என்ன படிக்கிறீர் எண்டு சொல்லும்" என்றார். எனக்கு அன்று பாயாசம் இறங்கவில்லை.

வல்லாரைக் கதைக்கு வருகிறேன். இதை நான் எழுதாவிட்டால் வேறு யாராவது இன்னும் மோசமாக எழுதுவார்கள்.

வைகாசியில் ஏரிக்கரைச் சதுப்பு நிலம் ஒன்றுக்குக் களப்பயணம் போனோம். சோதனை நெருங்கிவிட்டது. எனக்கு நித்திரை போய், படித்தது எல்லாம் மறந்து, கழுத்தில் ஒரு படபடப்பு வந்து குந்தியிருந்த காலம். களப்படிப்பு ஆசிரியை ஒல்லியான, வேகமான பெண். மரப்பலகைப் பாதையின் தொடக்கத்தில் நின்று சுவிஸ்-ஜெர்மனில் ஏதோ விதிகள் சொன்னார். காற்று எதிர்ப்பக்கம் வீசியது. நான் வழக்கம்போல் வரிசையின் கடைசியில், திரும்பி ஓடுவதற்கு வசதியான இடத்தில். முன்னால் அக்கா, "விளங்கேல்லை, எதைத் தொடக்கூடாது?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. பதில் விழவில்லை. தலையாட்டினேன்.

பாதி வழியில் பலகையோரம் ஈரத்தில் பார்த்தேன். வட்ட இலை, மெல்லிய காம்பு, நிலத்தோடு படர்ந்த பச்சை. வல்லாரை! எங்களில் யாருக்குத்தான் தெரியாது, சோதனைக்கு முன் பிள்ளைக்கு வல்லாரைச் சம்பல் கொடுத்தால் ஞாபகசக்தி கூடும் என்று. சூரிச்சில் தமிழ்க் கடையில் வாடி வதங்கிக் கிடப்பதை யானை விலைக்கு வாங்குகிறோம். இங்கே அள்ளக் குறைவில்லாமல் கிடக்கிறது. கடவுளே அனுப்பியது என்று நினைத்துக்கொண்டேன். மதியம் புட்டுச் சாப்பிட்டு வெறுமையாகிய பெட்டியை எடுத்தேன். தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப்புளியும் மனதில் வரிசையாக நிற்க, குந்தியிருந்து பிடுங்கினேன். வேரோடு.

நிமிர்ந்தபோது ஆசிரியை நின்றார். அவருடைய முகத்தில் இருந்த வெள்ளையை நான் அதற்கு முன் எந்தச் சுவிஸ் முகத்திலும் பார்த்ததில்லை. அது வல்லாரை இல்லை. அதற்குத் தூரத்துச் சொந்தம். இந்த நாட்டில் அருகிப்போய், பாதுகாக்கப்பட்டு, அது கிடக்கிறது என்பதற்காகவே அந்தச் சதுப்பு நிலத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்புப் படிக்க வந்தவன் அதைப் புட்டுப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"தொடக்கத்தில் நான் சொன்னது உங்களுக்கு விளங்கியதா?" என்று கேட்டார்.

என் தலைக்கு மூளையைக் கேட்டு ஆடுகிற பழக்கம் இல்லை. "யா யா, க்ளார்" என்றேன்.

அப்படியென்றால் தெரிந்துகொண்டே பிடுங்கியிருக்கிறேன். அவருடைய வாய் ஒரு கோடாகியது. படிப்பு முடிந்தது, பெட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று நான் நினைத்தபோது பலகைப் பாதை அதிர்ந்தது. அக்கா வந்துகொண்டிருந்தார்.

"பொய்" என்றார், முழு வகுப்பும் தவளைகளும் கேட்க. "இவருக்கு ஒண்டும் விளங்கேல்லை. இவருக்கு ஒரு நாளும் விளங்கிறேல்லை. தலையாட்டுறது இவருக்கு ஒரு வியாதி. நீங்கள் இப்ப இவரிட்ட ஏரிக்குள்ள குதிக்கச் சொன்னாலும் க்ளார் எண்டுவார்."

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான், தெய்வமே, அதற்கும் தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ஏரியைப் பார்த்தார். தெரியாமல் செய்த குற்றமாகத் தண்டனை சுருங்கியது: செடிகளைத் திரும்ப நட வேண்டும், அதைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும், கோடை தொடங்கும்வரை சனிக்கிழமைகளில் காட்டோரம் போய் வெளிநாட்டுச் செடிகளைப் பிடுங்க வேண்டும்.

திரும்பும் வழியில் அக்கா மெதுவாகக் கேட்டார். "சம்பல் போடவோ நினைச்சனீர்?"

"ஞாபகசக்திக்கு அக்கா. சோதினை வருது."

பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விளங்காததெல்லாம் வடிவா ஞாபகம் இருக்கும், என்ன?"

அந்தச் சனிக்கிழமைகளுக்கு அக்காவும் வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நீர் பிடுங்கிற செடி சரியான செடியோ எண்டு பாக்க ஒரு ஆள் வேணும்" என்றார். கோடை முடிவில் மஞ்சளாகப் பூத்து, உள்ளூர்ச் செடிகளை எழும்ப விடாமல் சரிவு முழுக்கப் பரவுகிற ஓர் அமெரிக்கச் செடி அது. வேர்வைக்குள் நின்று பிடுங்கும்போது என் மனதில் ஓர் உருக்கமான பேச்சு ஊறிக்கொண்டிருந்தது. செடியே, நீயும் அகதி, நானும் அகதி என்று தொடங்கும். கண்ணீர் வரவழைக்கும். இடைவேளையில் அதை அவிழ்க்கலாம் என்று இருந்தேன். அதற்குள், எங்களோடு வந்த நல்ல மனதுள்ள ஒரு சுவிஸ் பெரியவர் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெளியிலிருந்து வந்த செடிகளை இப்படிப் பிடுங்கும்போது உங்களுக்கு... அதாவது, நீங்களும்..."

"முடியுங்கோ. நானும்?"

பெரியவர் குனிந்து கையுறையைச் சரிசெய்தார்.

"செடிக்கு வேர், எனக்குக் கால்" என்றார் அக்கா. "செடியைச் செடியாப் பாருங்கோ, என்னை ஆளாப் பாருங்கோ. இப்ப அந்தக் கரையைப் பிடியுங்கோ, நான் இதால வாறன்."

என் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டேன். நல்ல பேச்சு அது.

சிரிக்க முடியாத ஒரு கட்டமும் இருந்தது. சோதனைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஆயத்த ஆண்டின் பொறுப்பாளர் அக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். வேதியியல் அக்காவுக்குத் தட்டுத்தடுமாறி வந்தது. கணிதம் வரவே இல்லை. "சாட்சிக்கு வாரும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் கதவுப் பக்கம் இருந்தேன்.

பொறுப்பாளர் பண்பான மனிதர். தண்ணீர் ஊற்றித் தந்தார். அக்காவின் உழைப்பைப் பாராட்டினார். எல்லாருக்கும் ஒரே பாதை பொருந்தும் என்றில்லை என்றார். பூங்காப் பராமரிப்பில் ஒரு குறுகிய பயிற்சி இருக்கிறது, அது உங்களுக்கு இன்னும் மகிழ்ச்சியான தீர்வாக அமையலாம் என்றார். இந்த நாட்டில் ஒருவரை வெளியே அனுப்புவதை இவ்வளவு மெத்தென்று செய்வார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நன்றி சொல்லிக் கை குலுக்கி, வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியிருக்கும்.

"விளங்கேல்லை" என்றார் அக்கா.

அவர் திரும்பச் சொன்னார். உங்கள் வாழ்க்கைச் சூழல், உங்கள் பலங்கள்.

"ஓம், அது விளங்குது. நீங்கள் என்ன சொல்ல வாறியள் எண்டதுதான் விளங்கேல்லை."

பொறுப்பாளர் இன்னொரு தடவை அதையே சுற்றி வளைத்துச் சொன்னார். தண்ணீர் குடித்தார். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, கோபம் துளியும் இல்லாமல், கவனமாகக் காத்திருந்தார். கடைசியில் அந்த மனிதர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்கள் சோதனையில் தோற்றுப்போவீர்கள் என்று நான் நினைக்கிறேன்."

"இப்ப விளங்குது" என்றார் அக்கா. "நன்றி. நான் சோதினை எழுதுறன்."

வெளியே வந்து அக்கா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். பகிடி ஏதாவது விடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஒண்டும் சொல்லாதையும்" என்றார்.

கணிதச் சோதனை அன்று மண்டபம் செத்தவீடுபோல இருந்தது. பாதி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"இந்தக் கேள்வி விளங்கேல்லை."

"மன்னிக்கவும், சோதனையில் விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"தெரியும். சொல்லி வைக்கிறன்."

பின்னால் எங்கோ ஒரு மூக்குச் சிரிப்புக் கேட்டது. சுருட்டைத் தச்சனாக இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கணத்தில் ஏனோ படபடப்பு இறங்கி, இரண்டு கணக்குச் சரியாக வந்தது. அந்த இரண்டும்தான் என்னைக் கரையேற்றின என்று இன்றுவரை நம்புகிறேன்.

முடிவு வந்தது. நான் நூலிழையில் தேறியிருந்தேன். அக்கா உயிரியலில் என்னை விட நல்லாய், களப்படிப்பில் வகுப்பிலேயே நல்லாய், வேதியியலில் தப்பி, கணிதத்தில் விழுந்திருந்தார். ஒரு பாடத்தில் விழுந்தால் முழுவதும் விழுந்த மாதிரித்தான். விரும்பினால் ஆண்டை இன்னொருமுறை, ஒரே ஒருமுறை, முதலிலிருந்து படிக்கலாம்.

துக்கம் விசாரிக்கிற முகம் ஒன்றைக் கண்ணாடியில் பழகிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ? உள்ளுக்கு வாரும்."

கண் வீங்கியிருந்தது.

"அழுதனீங்களோ அக்கா?"

"ஓம். காலமை அழுதனான். இப்ப தேத்தண்ணி போடுறன்."

உள்ளே மகன் இருந்தான். சூக் நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை, நல்ல பிள்ளை, தாய்க்கு ஓடி வந்திருக்கிறான். தாயிடம் மெதுவாகச் சொன்னான். "அம்மா, காணும்தானே, போதும். நீங்கள் முயற்சி செய்து பாத்திட்டீங்கள். இனி ஓய்வா இருங்கோ. எங்கயாவது ஒரு பயணம் போவம்."

"விளங்கேல்லை" என்றார் அக்கா, தேத்தண்ணியை ஆற்றியபடி.

"இந்த வயசில உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் தேவையில்லை எண்டு சொல்லுறன்."

"விளங்கேல்லையடா. என்ன சொல்ல வாறாய்?"

"அம்மா, ப்ளீஸ்." அவன் என்னைப் பார்த்தான். நான் கதவைப் பார்த்தேன். அக்கா காத்திருந்தார். அவர் காத்திருக்கும்போது தப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும், அந்தப் பொறுப்பாளருக்கும் தெரியும்; அந்தப் பையனுக்குப் பிறந்த நாளிலிருந்தே தெரிந்திருக்கும். அவன் கதிரையைத் தாய்ப் பக்கம் இழுத்தான்.

"நீங்கள் அடுத்த வருசமும் இப்பிடி இருந்து அழுறதை என்னால பாக்க ஏலாது."

அக்கா கோப்பையை வைத்தார். அவனுடைய தலையை ஒருமுறை தடவிவிட்டார்.

"இப்ப விளங்குது. அப்ப நீ பாக்காத, ராசா. நான் அறைக்குள்ள போய் அழுறன். ஆனா படிக்கப் போறன்."

அடுத்த வருடம் அவர் தேறினார். கணிதத்திலும். அதற்குப் பிறகு பட்டப்படிப்பையும் முடித்தார் என்று முதலே சொல்லிவிடுகிறேன், உங்களை நகம் கடிக்க வைத்து என்ன காணப்போகிறேன். ஆனால் அக்கா என்றால் என் கண்ணுக்குள் வருவது அந்த வெற்றி நாள் இல்லை. தோற்றதற்குப் பிறகு வந்த புரட்டாதியின் முதல் நாள்.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் அன்றுதான் முதல் வகுப்பு, அவருக்கு ஆயத்த ஆண்டில் மறுபடியும் முதல் வகுப்பு. ஒரே தொடருந்தில் போனோம். நான் வழி முழுக்க, தனியாக எப்படிச் சமாளிக்கப் போகிறேன் என்று அவரிடம் புலம்பிக்கொண்டு போனேன். தோற்றவரிடம் தேறியவன் ஆறுதல் கேட்டுப் போன ஒரே பயணம் அதுவாகத்தான் இருக்கும். வளாகத்தின் முற்றத்தில் புதுப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். இடதுபக்கம் ஆயத்த ஆண்டுக் கட்டடம், வலதுபக்கம் எங்களுடையது. பயந்த முகத்தோடு ஒரு பெண்பிள்ளை அக்காவிடம் வந்து மரியாதையாக, "வணக்கம், நீங்கள்தான் எங்கள் ஆசிரியரா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றார் அக்கா. காது கேளாத முதியவர்களுக்கான அந்தக் குரலில். "நான் போன வருசம் பெயில் விட்டனான். திரும்பப் படிக்க வந்திருக்கிறன்."

எல்லாத் தலைகளும் திரும்பின. தோற்றது நான் இல்லை. என்றாலும் எனக்குத்தான் நிலம் பிளக்காதா என்று இருந்தது. அக்கா, தன் பெயரைச் சொன்னவர்போல நின்றார்.

"எதில்?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை, மெல்ல.

"கணிதத்தில."

"எனக்கும் கணிதம் வராது" என்றாள் அவள். அதை அவள் இதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். பின்னால் நின்ற ஒரு பையன், "எனக்கும்" என்றான். இன்னும் யாரோ சிரித்தார்கள், நல்ல சிரிப்பு.

"அப்ப வாங்கோ, இடம் போயிடும்" என்று அக்கா அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். நான் முற்றத்தின் நடுவில் பையைக் கட்டிப்பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். கதவு வரைக்கும் போனவர் திரும்பி என்னைக் கண்டார். முழு வளாகமும் கேட்கத் தமிழில் கத்தினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? பாஸ் பண்ணின ஆக்கள் அங்காலைப் பக்கம்!"